அரண்மனையும் அலுவலகமும்: சேப்பாக்கம் அரண்மனை, அமீர் மகால் ஆகியவற்றின் மறுபயன்பாட்டு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பழைய கட்டடத்தை இடிக்காமல் புதிய தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுதல் பேண்தகு கட்டடக்கலையின் முதன்மை நெறிகளுள் ஒன்றாக இன்று முன்வைக்கப்படுகிறது. தொடர்ந்து பயன்பாட்டில் இருக்கும் கட்டடமே நிலைக்கும் என்பது இந்நெறியின் அடிப்படை. சென்னையில் 1760-களில் அரண்மனையாக எழுந்து, 19-ஆம் நூற்றாண்டில் அரசு அலுவலகமாக மாறிய சேப்பாக்கம் அரண்மனையையும், அலுவலகமாக எழுந்து பின்னர் அரண்மனையாக மாறிய இராயப்பேட்டை அமீர் மகாலையும் ஒருங்கே வைத்து இக்கட்டுரை அந்த அடிப்படையை ஆராய்கிறது. பயன்பாடு மட்டுமே ஒரு கட்டடத்தைக் காப்பதில்லை. அது கட்டப்பட்ட முறையை அறிந்து நிகழும் பராமரிப்போடு சேரும்போதே பயன்பாடு காப்பாகிறது. அவ்வறிவு அறுபட்ட இடத்தில் பயன்பாடே அழிவுக்கும் காரணமாகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: சேப்பாக்கம் அரண்மனை, அமீர் மகால், மறுபயன்பாடு, மதராஸ் தளம், சுண்ணாம்புச் சாந்து, பேண்தகு கட்டடக்கலை.

முன்னுரை

ஒரு கட்டடம் சூழலுக்கு விளைவிக்கும் சுமையை அது பயன்படுத்தும் மின்சாரத்தைக் கொண்டு மட்டும் அளவிட இயலாது. செங்கல்லைச் சுடவும், சுண்ணாம்பை நீற்றவும், இரும்பை உருக்கவும், இவற்றையெல்லாம் கட்டுமிடத்திற்குக் கொண்டுவரவும் செலவிடப்பட்ட ஆற்றல் கட்டடத்தின் சுவர்களுக்குள் முன்னரே செலுத்தப்பட்டுவிட்டது. இதனை உள்ளுறை ஆற்றல் என்பர். பழைய கட்டடத்தை இடிக்கும்போது அந்த முதலீடு முழுவதும் இடிபாடாகிறது. அவ்விடத்தில் எழும் புதிய கட்டடத்திற்கு மீண்டும் ஒருமுறை அதே செலவைச் செய்யவேண்டியுள்ளது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் சிமெண்ட் உற்பத்தியின் பங்கு ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு என்ற கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், மறுபயன்பாட்டுக்கு ஆதரவான வாதத்தின் வலிமை விளங்கும்.

இவ்வாதம் பெரும்பாலும் பொறியியல் துறையினராலும் நகர்த் திட்டமிடுவோராலும் எதிர்காலத்தை நோக்கியே முன்வைக்கப்படுகிறது. ஆயினும் மறுபயன்பாடு தமிழகத்திற்குப் புதிதன்று. மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனை நீதிமன்றமாக 1970 வரை இயங்கியது. தஞ்சை அரண்மனை வளாகத்தில் சரசுவதி மகால் நூலகம் இயங்கிவருகிறது. இவற்றை மரபுச் சின்னங்கள் என்ற அளவில் கலை வரலாற்றாளர் ஆராய்ந்துள்ளனர். மாற்றுப் பயன்பாட்டுக்கு உட்பட்ட கட்டடங்கள் என்ற நோக்கில், அம்மாற்றம் கட்டடத்தின் உடலுக்கு என்ன செய்தது என்று வினவும் ஆய்வுகள் தமிழில் மிகக் குறைவு. சேப்பாக்கத்தை இக்கட்டுரை தேர்ந்துகொள்ளக் காரணம் உண்டு. இரண்டரை நூற்றாண்டுக்குள் அவ்வரண்மனை இருப்பிடம், கல்லூரி, அலுவலகம், எரிந்த கூடு, தீர்ப்பாயம் எனப் பல நிலைகளைக் கடந்துள்ளது. ஒரே வளாகத்துக்குள் இரு கட்டடங்கள் இருவேறு வழிகளில் சிதைந்து மீண்டதையும் அங்குக் காணலாம்.

கடனில் எழுந்த மாளிகை

கர்நாடக நவாப் முகமது அலி வாலாஜா ஆர்க்காட்டிலிருந்து சென்னைக்கு இடம்பெயர்ந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கி நிழலில் வாழ விரும்பினார். புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே அரண்மனை எழுப்பவேண்டும் என்பதே அவரது முதல் எண்ணம். அது கைகூடாமல் போகவே, கோட்டைக்குத் தெற்கே, கூவத்துக்கு அப்பால், கடலை நோக்கிய சேப்பாக்கத்தில் நிலம் வாங்கப்பட்டது. 1764-இல் தொடங்கிய பணி 1768-இல் நிறைவுற்றது. 117 ஏக்கர் பரப்பில் மதில் சூழ அமைந்த அவ்வளாகத்தில் இரு கட்டடங்கள் முதன்மையானவை. தெற்கே நவாபின் இருப்பிடமான கலச மகால். வடக்கே அவைக்கூடத்தைக் கொண்ட ஹுமாயூன் மகால்.

இவற்றை வடிவமைத்தவர் பால் பென்ஃபீல்டு என்று பலரும் எழுதிவருகின்றனர். 1764 வாக்கில்தான் சென்னை வந்து சேர்ந்த ஓர் இளைஞரிடம் அவ்வாண்டே இத்தகைய பெரும்பணி ஒப்படைக்கப்பட்டிருக்குமா என்ற ஐயம் எழுகிறது. அவர் பெயர் நிலைத்தமைக்கு வேறொரு காரணமும் இருக்கக்கூடும். பின்னாளில் நவாபுக்கு வட்டிக்குப் பணம் கொடுத்தவர்களுள் மிகுந்த அவப்பெயர் பெற்றவர் அவரே. நவாபின் கடன்கள் குறித்து 1785-இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் ஆற்றிய புகழ்பெற்ற உரையின் தாக்குதலுக்கு உள்ளானவர்களுள் அவரும் ஒருவர். கட்டடக்கலை வரலாற்றில் வடிவமைப்பாளரின் பெயரைத் தேடும் ஆர்வம், மாளிகைக்கான பணம் எங்கிருந்து வந்தது என்ற வினாவைப் பல வேளைகளில் மறைத்துவிடுகிறது.

சேப்பாக்கம் அரண்மனையை இந்தோ-சாரசெனிக் பாணியின் முதல் கட்டடம் என்று கூறுவதும் வழக்கமாகிவிட்டது. 1768-இல் அப்பெயரும் இல்லை, அப்பெயரால் குறிக்கப்பட்ட கொள்கையும் இல்லை. நூறாண்டு கழித்து வந்த ஒரு கட்டடக் கலைஞர் தமக்கு முன்னோடி ஒன்றைத் தேடியபோது கண்ணெதிரே நின்ற கட்டடம் இது என்று கொள்வதே பொருத்தம்.

1801-இல் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குச் சென்றது. நவாப்கள் பட்டமும் உதவித்தொகையும் பெற்றுச் சேப்பாக்கத்தில் வாழ்ந்தனர். 1855-இல் நவாப் குலாம் முகமது கௌஸ் கான் ஆண் வாரிசின்றி இறந்ததும் அப்பட்டமும் இல்லாமற் செய்யப்பட்டது. கடன்காரர்களின் கோரிக்கைகளுக்கிடையே அரண்மனை ஏலத்துக்கு வந்தது. சென்னை அரசே அதனை வாங்கிக்கொண்டது. சேப்பாக்கத்தின் மறுபயன்பாடு இங்குத் தொடங்குகிறது. கட்டடத்தைக் காக்கவேண்டும் என்ற எண்ணத்தில் அது விளையவில்லை. விரிந்துவரும் ஓர் அரசுக்கு அறைகள் தேவைப்பட்டன. அவை ஆயத்தமாகக் கிடைத்தன.

இரு திசை மாற்றங்கள்

அரண்மனையின் திட்ட அமைப்பு அலுவலகத் தேவைக்குப் பெரிதும் ஒத்துப்போனது. அவைக்கும் குடியிருப்புக்கும் தனித்தனிக் கட்டடங்கள் இருந்தமையால் இரு வேறு நிறுவனங்களை ஒன்றுக்கொன்று இடையூறின்றிக் குடியமர்த்த முடிந்தது. ஹுமாயூன் மகால் வருவாய் வாரியத்துக்குச் சென்றது. கலச மகாலில் 1860-களில் பொறியியல் கல்லூரி இடம்பெற்றது. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அந்நிறுவனம் 1920-இல் கிண்டிக்குப் பெயரும் வரை இங்கேயே இயங்கியது. இம்மாகாணத்தின் பாலங்களையும் கால்வாய்களையும் பின்னர்க் கட்டவிருந்த பல தலைமுறைப் பொறியாளர்கள் சுண்ணாம்புச் சாந்தால் எழுந்த ஒரு நவாபின் இருப்பிடத்தில் அமர்ந்து கட்டுமானம் பயின்றனர் என்பது நினைவுகொள்ளத் தக்கது.

ஆளுநர் நேப்பியர் பிரபுவின் காலத்தில் (1866–1872) இம்மாற்றம் ஒரு கொள்கையின் வடிவம் பெற்றது. இந்தியாவில் அரசு எழுப்பும் கட்டடங்களுக்கு இசுலாமியக் கட்டட மரபே ஏற்றது என்று அவர் 1870-இல் ஆற்றிய உரையில் வாதிட்டார். மாகாணக் கல்லூரிக்கான வடிவமைப்புப் போட்டியில் வென்று சென்னையில் நிலைத்திருந்த ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம் அக்கருத்தைக் கட்டடமாக்கியவர். மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனை நேப்பியரின் ஆதரவில் பழுதுபார்க்கப்பட்டு நீதிமன்றங்களுக்கு உரியதான பணியிலும் சிஷோமுக்குப் பங்குண்டு. சேப்பாக்கத்தில் அவர் இரு மகால்களுக்கும் இடையே உயர்ந்த கோபுரம் ஒன்றை எழுப்பினார். வருவாய் வாரியத்துக்கான பகுதிகளைச் சேர்த்தார். பழைய மதில் அகற்றப்பட்டது. வாலாஜா சாலைப் பக்கம் புதிய வளைவு வாயில் எழுந்தது.

இச்சேர்க்கைகளின் கைத்திறன் பாராட்டுக்குரியது. செங்கல், சுண்ணாம்பு, வளைவு, குவிமாடம் எனப் பழைய கட்டடத்தின் மொழியிலேயே அவர் பேசினார். எந்த இடத்தில் நவாபின் கொத்தர் முடித்தனர், எந்த இடத்தில் சிஷோமின் கொத்தர் தொடங்கினர் என்பதைச் சாலையில் நிற்பவர் எளிதில் பிரித்தறிய இயலாது. இன்றைய மறுசீரமைப்பு நெறி, புதிதாகச் சேர்த்தது புதிதென்று தெரியவேண்டும் என வற்புறுத்தும். அந்த அளவுகோலில் சிஷோம் தேறமாட்டார். ஆனால் அவர் பயன்படுத்திய பொருள்கள் பழைய பொருள்களோடு ஒத்து விரிந்து ஒத்துச் சுருங்கின. கட்டடத்தின் ஆயுளைப் பொறுத்தவரை இதுவே முதன்மையானது என்பது என் கருத்து. பின்வந்த நூற்றாண்டு கண்ணுக்கு வேறுபாடு தெரியும்படியும் செய்தது, பொருளும் ஒவ்வாதபடி செய்தது.

மதில் அகன்றதன் விளைவு வேறு. அரண்மனை என்பது சுவர்களும் கூரையும் மட்டுமன்று. நுழைவாயில், தோட்டம், காட்சிக்கு இடம்தரும் வெளி, மறைப்புக்கு இடம்தரும் எல்லை ஆகிய அனைத்தின் தொகுதி. தோட்டமாக இருந்த நிலத்தின் ஒரு பகுதியில் 1860-களிலேயே கிரிக்கெட் மைதானம் வந்துவிட்டது. மாகாணக் கல்லூரியும் செனட் மண்டபமும் கடற்கரையோரம் எழுந்தபின் அரண்மனை கடலிலிருந்து பின்னுக்குத் தள்ளப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டில் எழிலகம் உள்ளிட்ட அலுவலகக் கட்டடங்கள் சூழ்ந்தபின், மாநகரின் மிகப் பழைய மாளிகைகளுள் ஒன்று, நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கடந்துசெல்லும் இடத்திலேயே கண்ணில் படாமற் போனது. கட்டடத்தின் பொருள் காக்கப்பட்டது, இடம் காக்கப்படவில்லை.

இதே காலத்தில் இராயப்பேட்டையில் எதிர்த்திசை மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. நவாப் பட்டம் ஒழிந்தபின், 1867-இல் அக்குடும்பத்துக்கு ஆர்க்காட்டு இளவரசர் என்னும் பட்டம் வழங்கப்பட்டது. சேப்பாக்கத்தை இழந்தவர்களுக்கு இருப்பிடம் வேண்டும். 1798-இல் கம்பெனி அலுவலகமாக எழுந்த கட்டடம் ஒன்று அதற்காகத் தெரிவுசெய்யப்பட்டது. அதனை அரண்மனையாக மாற்றும் பணியும் சிஷோமிடமே சென்றது. 1876-இல் இளவரசர் குடும்பம் அங்குக் குடியேறியது. அதுவே அமீர் மகால்.

அரண்மனையை அலுவலகமாக்கியவரே அலுவலகத்தை அரண்மனையாக்கினார். ஒரே நகரில், ஏறத்தாழ ஒரே பத்தாண்டுக்குள், ஒரே குடும்பத்தின் இழப்பையொட்டி நிகழ்ந்த இவ்விரு மாற்றங்களும் ஒரு கட்டடத்தின் வடிவத்துக்கும் அதன் பயனுக்கும் இடையே உள்ள உறவு நாம் எண்ணுவதைவிட நெகிழ்வானது என்பதைக் காட்டுகின்றன. அக்காலச் சென்னைக் கட்டடங்கள் எப்பயனுக்கு எழுந்தவையாயினும் தடித்த சுவர், உயர்ந்த கூரை, ஆழ்ந்த தாழ்வாரம், காற்றோட்டம் கருதிய நேர்நேர் வாயில்கள் என்ற பொது இலக்கணத்தைக் கொண்டிருந்தன. வெப்பத்தை வெல்ல வேறு வழியில்லாத காலம் அது. எந்திரத்தை நம்பாத கட்டடம் தன் பயனை மாற்றிக்கொள்வது எளிது.

இரண்டின் பின்வரலாறு ஒன்றுபோல் அமையவில்லை. அமீர் மகால் இன்றளவும் அக்குடும்பத்தின் இருப்பிடமாக உள்ளது. பராமரிப்பு மத்தியப் பொதுப்பணித்துறையின் பொறுப்பில் இருக்கிறது. குடியிருப்போர் யார், பழுதுபார்ப்போர் யார் என்பதில் அங்குக் குழப்பமில்லை. சேப்பாக்கத்திலோ ஒரு துறை போய் மற்றொரு துறை வந்தது. 1980-இல் வருவாய் வாரியமே ஒழிக்கப்பட்டது. அறைகள் பல அலுவலகங்களுக்குப் பங்கிடப்பட்ட ஒரு கட்டடத்தில் ஒவ்வோர் அலுவலகமும் தன் அறைக்கு மட்டுமே பொறுப்பேற்கும். கூரையில் ஒழுக்கு எந்த அறைக்கு உரியது?

மதராஸ் தளமும் அதன் பராமரிப்பும்

சேப்பாக்கத்தின் சிதைவைப் புரிந்துகொள்ளக் கூரையிலிருந்து தொடங்கவேண்டும். அக்காலச் சென்னையில் மதராஸ் தளம் எனப்படும் தட்டைக் கூரையே பெருவழக்கு. சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்களைக் கிடத்தி, அவற்றின்மேல் சிறிய மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்து கொண்டு அடுக்குவர். அதன்மீது செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை இட்டுத் திமிசுக்கட்டையால் நாட்கணக்கில் இடிப்பர். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிக் கரைசலும் இடையிடையே தெளிக்கப்படும். இறுதியில் தட்டோடு பதித்து, நீர் வழிந்தோடும்படி சாய்வு கொடுத்து முடிப்பர். சுவர்ப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. நன்கு தேய்த்து மெருகேற்றினால் பளிங்குபோல் ஒளிரும். ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதிய சென்னைச் சுண்ணப் பூச்சு இதுவே.

இம்முறையின் பேண்தகு பண்பை இன்றைய அறிவியல் கொண்டு விளக்கலாம். சுண்ணாம்பு நீற்றுவதற்கு 900 பாகை செல்சியஸ் அளவு வெப்பம் போதும். சிமெண்டுக்கான மூலப்பொருளைச் சுடுவதற்கு ஏறத்தாழ 1450 பாகை வேண்டும். சூளையில் வெளியேறிய கரியமில வாயுவின் கணிசமான பகுதியைச் சுண்ணாம்புச் சாந்து காய்ந்து இறுகும் காலத்தில் காற்றிலிருந்து மீண்டும் ஈர்த்துக்கொள்கிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும்; சிறு அசைவுகளுக்கு இடம்தரும்; நுண்ணிய வெடிப்புகளை ஓரளவு தானே நிரப்பிக்கொள்ளும்.

ஆயினும் இக்கூரை ஆண்டுதோறும் கவனிப்பை வேண்டுவது. மழைக்காலத்துக்கு முன் தட்டோட்டின் இடைவெளிகளைப் பார்த்துச் சாந்து பூசவேண்டும். நீர்த்தாரைகளை அடைப்பின்றி வைக்கவேண்டும். அரச விதை முளைத்தால் வேரோடு நீக்கவேண்டும். இவற்றைத் தவறவிட்டால் நீர் கசிந்து உத்திரத்தின் நுனியை, அது சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தை, முதலில் தாக்கும். கண்ணுக்குத் தெரியாத அவ்விடத்தில்தான் மரம் உளுக்கத் தொடங்கும். இதனை அறிந்த கொத்தனாரும் தச்சரும் இருந்தவரை மதராஸ் தளம் நூறாண்டு தாண்டி நின்றது.

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் இந்த அறிவுத் தொடர்ச்சி அறுபடுகிறது. பொறியாளர் கல்வி சிமெண்டையும் இரும்புக் கம்பியையும் மையமாகக் கொண்டது. பழுது நேர்ந்த இடத்தில் கைக்குக் கிடைத்த பொருள் சிமெண்ட். சுண்ணாம்புச் சுவர்மீது சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும். கடற்காற்று கொண்டுவரும் உப்பு அவ்வீரத்தில் கரைந்து, பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சையும் செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்க்கும். கடற்கரையை ஒட்டிய சேப்பாக்கம் போன்ற இடங்களில் இவ்வினை விரைவாக நிகழும். பெயர்ந்த இடத்தில் மீண்டும் சிமெண்ட். உறுதிப்படுத்தும் எண்ணத்தில் செய்த பணியே நலிவித்தது எனலாம்.

சென்னையின் பழைய அலுவலகக் கட்டடங்கள் பலவற்றிலும் காணப்படும் பிற மாற்றங்களும் இவ்வகையினவே. அறையைப் பகுக்கும் ஒட்டுப்பலகைத் தடுப்புகள், உயர்ந்த கூரையை மறைக்கும் பொய்க்கூரை, குளிரூட்டிக்காக அடைக்கப்பட்ட சாளரங்கள், தாழ்வாரத்தையும் அறையாக்கும் கதவுகள் ஆகியன காற்றோட்டத்தைத் தடுத்தன. பொய்க்கூரைக்கு மேலே உளுத்துவரும் உத்திரத்தை எவரும் காண இயலாமற் போயிற்று. கட்டடத்தின் குளிர்ச்சிக்கு அடிப்படையான உறுப்புகளை அடைத்துவிட்டு, அதே குளிர்ச்சியை மின்சாரத்தால் வாங்குவது விந்தையான கணக்கு. இவற்றோடு காகிதம். அரசு அலுவலகத்தின் முதன்மையான சுமை மனிதர் அல்லர், கோப்புகள். உத்திரங்கள் தாங்கும் தளத்தின்மேல் அடுக்கப்பட்ட கோப்புகள் எடையாலும் அச்சுறுத்துவன, எரியும் பொருளாகவும் அச்சுறுத்துவன.

தீயும் வெறுமையும்

2012 ஜனவரியில், பொங்கல் விடுமுறை நாள்களில், கலச மகாலில் தீப்பற்றியது. அரசுத் துறை அலுவலகங்கள் இயங்கிவந்த அக்கட்டடத்தின் மரக்கூரை எரிந்து வீழ்ந்தது. தீயணைப்புப் பணியில் ஈடுபட்டிருந்த அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். ஒரு கட்டடத்தின் மறுபயன்பாட்டை ஆராயும்போது உயிர்க்காப்பு முதல் நிபந்தனை என்பதை இந்நிகழ்வு எவ்வித ஐயத்துக்கும் இடமின்றி உணர்த்துகிறது. மரபுக் கட்டட ஆர்வலர்கள் சில வேளைகளில் இதனை இரண்டாம் நிலைக்குத் தள்ளிவிடுவதுண்டு; அது ஏற்புடையதன்று.

மதராஸ் தளத்தின் இயல்பு காரணமாக உத்திரம் எரிந்தால் அதன்மேல் உள்ள செங்கல் அடுக்கு முழுவதும் ஒருங்கே சரியும். ஆனால் தடித்த செங்கற் சுவர்கள் தீயைத் தாங்கி நின்றன. எஞ்சிய சுவர்களை இடித்துவிடலாம் என்ற பேச்சும், இடிக்கலாகாது என்ற எதிர்ப்பும் எழுந்தன. மரபுக் கட்டடங்களுக்கென ஆணையம் அமைக்க வழிசெய்யும் சட்டம் தமிழகத்தில் இயற்றப்பட்டதும் அதே 2012-ஆம் ஆண்டில்தான். இறுதியில் கலச மகால் சீரமைக்கப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இன்று அங்கு இயங்குகிறது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிப்பதற்கென 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஒரு மன்றம், இடிக்காமல் காக்கப்பட்ட கட்டடத்தில் அமர்ந்திருப்பது தற்செயலாயினும் பொருத்தமானது.

ஹுமாயூன் மகாலின் கதை வேறு. அங்குத் தீ இல்லை, ஆட்களும் இல்லை. அலுவலகங்கள் ஒவ்வொன்றாக வெளியேறியபின் கூரை பல இடங்களில் சரிந்தது. சுவர்களில் மரங்கள் வேரூன்றின. பயன்பாடு இருந்த கட்டடம் எரிந்தது, பயன்பாடு அற்ற கட்டடம் இடிந்தது என்ற இந்த இணை, மறுபயன்பாடு குறித்த பொதுக் கூற்றின் எல்லையைக் காட்டுகிறது. பயன்பாடு ஒரு கட்டடத்துக்குக் கண்களைத் தருகிறது. யாரேனும் ஒருவர் ஒழுக்கைக் காண்பார். ஆனால் கண்டதைச் சரியான பொருளால் சரிசெய்யும் கையும், அதற்குரிய பொறுப்பும் இல்லாதபோது கண்கள் பயனற்றவை. ஹுமாயூன் மகாலில் எவரும் காணவில்லை. கலச மகாலில் கண்டவர்களுக்கு அது தம் கட்டடமாக இல்லை.

பொதுப்பணித்துறை பின்னர் ஹுமாயூன் மகாலையும் மீட்டெடுத்தது. சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி ஆகியன மீண்டும் அவ்வளாகத்துக்குள் வந்தன. சிமெண்டைக் கட்டடக்கலையின் பொதுமொழியாக்கிய துறையே சுண்ணாம்புச் சாந்தின் கலவை விகிதத்தை மீண்டும் கற்கவேண்டியிருந்தது. இதற்குரிய கைவினைஞர்கள் நகரில் மிகச் சிலரே. கோயில் திருப்பணிகளிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் பணிபுரிந்து பழகியவர்களிடமே இவ்வறிவு தங்கியுள்ளது. எனவே மரபுக் கட்டடத்தின் மறுபயன்பாட்டுச் செலவில் கைவினைஞர் பயிற்சியையும் ஒரு பகுதியாகக் கணக்கிடவேண்டும். ஒப்பந்தப்புள்ளியின் குறைந்த விலை என்ற ஒற்றை அளவுகோல் இதற்கு இடம்தருவதில்லை.

பழமைக்கும் நெகிழ்வுக்கும் நேரடித் தொடர்பில்லை என்பதைக் காட்ட மற்றொரு கட்டடத்தைச் சுட்டலாம். சேப்பாக்கத்துக்கு அண்மையில், ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில், பழைய ஆளுநர் மாளிகை அகற்றப்பட்ட வளாகத்தில் சட்டமன்ற, தலைமைச் செயலகத் தேவைக்கெனப் புதிய கட்டடம் எழுந்தது. 2010 மார்ச்சில் திறக்கப்பட்ட அது 2014 பிப்ரவரியில் பன்னோக்கு மருத்துவமனையாயிற்று. அரசியல் காரணங்களை விவாதிப்பது இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது. இங்கு வேண்டுவது ஒன்றே. அவைக்கென வடிவமைக்கப்பட்ட புத்தம்புதிய கட்டடமும் நான்கே ஆண்டில் மறுபயன்பாட்டுக்கு உள்ளாகலாம். எதிர்காலப் பயன் எதுவென்று எந்த வடிவமைப்பாளராலும் அறிய இயலாது; ஆகவே மாற்றத்துக்கு இடம்தரும் எளிமை, பிரித்துப் பழுதுபார்க்கத்தக்க கட்டுமானம், எந்திரத்தை மட்டும் நம்பாத காற்றோட்டம் ஆகியன பழைய கட்டடத்திடமிருந்து புதியது கற்கவேண்டியவை. அவ்வளாகத்தில் எஞ்சிநிற்கும் இராஜாஜி மண்டபம், ஆளுநர்களின் விருந்து மண்டபமாக 1800-களின் தொடக்கத்தில் எழுந்தது, அரசு நிகழ்ச்சிகளுக்கும் தலைவர்களின் இறுதி வணக்கத்துக்கும் ஒருசேரப் பயன்பட்டுவருவது இதனை மேலும் விளக்கும்.

பதிவு என்னும் கடமை

திருமழபாடி வைத்தியநாதர் கோயிலில் ஒரு செய்தி கல்வெட்டாக உள்ளது. முதலாம் இராசராசன் காலத்தில் அக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்க முடிவுசெய்தபோது, பழைய சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் படியெடுத்து வைக்குமாறு ஆணையிடப்பட்டது. அவை முதலாம் இராசேந்திரன் காலத்தில் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. கோயிலின் நிலங்களுக்கும் கொடைகளுக்கும் சான்று அக்கல்வெட்டுகளே என்பதால் இதில் நடைமுறைத் தேவையும் இருந்தது. ஆயினும் கட்டடத்தில் கை வைப்பதற்கு முன் அது சொல்வதை எழுதிவைக்கவேண்டும் என்ற நெறி நம் மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறையில் இருந்தமைக்கு இது சான்று.

சேப்பாக்கத்தில் மறுசீரமைப்புக்காகப் பூச்சை உரித்தபோது வெளிப்பட்ட ஒவ்வோர் அடுக்கும் இத்தகைய ஆவணமே. எந்தச் சுவரில் எத்தனை முறை பூசப்பட்டது, எந்த வாயில் எப்போது அடைக்கப்பட்டது, எந்த உத்திரம் எம்மரத்தால் ஆனது, கலவையில் மணலும் சுண்ணாம்பும் எவ்விகிதத்தில் இருந்தன என்பன நவாபின் காலத்தையும் சிஷோமின் காலத்தையும் பிரித்தறிய உதவும். இத்தகைய விவரங்கள் பணி முடிந்தபின் ஒப்பந்ததாரரின் அளவைப் புத்தகத்தோடு நின்றுவிடும் நிலை மாறி, வரைபடங்களோடும் ஒளிப்படங்களோடும் பொது ஆவணமாக வெளியிடப்படவேண்டும். அடுத்த ஒழுக்கைச் சரிசெய்ய வரும் பொறியாளருக்கும், வரலாற்றாய்வாளருக்கும் வேண்டியது அந்த ஒரே ஆவணம்தான்.

அதில் அமீர் மகாலுக்கும் ஓர் இடம் இருக்கவேண்டும். சேப்பாக்கத்தின் சுவர்களில் எஞ்சியிருப்பதைச் சேப்பாக்கத்தில் மட்டும் தேடினால் வரலாறு பாதியே கிடைக்கும். அங்கிருந்து வெளியேறிய குடும்பம் எதை எடுத்துச் சென்றது, எதை விட்டுச் சென்றது, அலுவலகமாக இருந்த கட்டடத்தில் தம் அரண்மனையின் எப்பகுதிகளை மீண்டும் அமைத்துக்கொண்டது என்பதை இரு கட்டடங்களின் திட்டப்படங்களையும் அருகருகே விரித்து வைத்தே அறிய இயலும்.